நிறுவன ஆளுகைக் கல்வி: கணக்குக் கேட்ட வரலாறு

நிறுவன ஆளுகை என்பது, ஒரு நிறுவனத்தை நடத்துபவர்கள் யார், அவர்கள் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும், ஒப்புவிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பவற்றை வரையறுக்கும் ஏற்பாடு. கல்லூரிகளில் கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்ற பெயரில் அறியப்படும் இப்பாடம், இந்தியாவில் 1990களுக்குப் பிறகு உருப்பெற்றது. பாடம் புதியது என்றாலும் அது எழுப்பும் கேள்வி பழையது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கும் முறைகளைத் தமிழகம் பல நூற்றாண்டுகளாக வகுத்தும், மீறியும், திருத்தியும் வந்துள்ளது. இளங்கலை மாணவருக்கு இப்பாடத்தைக் கற்பிக்க அந்த வரலாறு தகுந்த வழியாகிறது.

மணமேல்குடியும் வகுப்பறையும்

மணமேல்குடி, புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த ஊர். பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனாரின் ஊராகச் சைவ மரபு இதைக் குறிப்பிடுகிறது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, அதுவரை தஞ்சை மாவட்டத்தில் இருந்த இக்கடற்கரைப் பகுதி அதனுடன் சேர்ந்தது. மீன்பிடிப்பும் வேளாண்மையும் இங்குள்ள முதன்மைத் தொழில்கள். உயர்கல்விக்கு இங்கிருந்து அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் செல்லலாம். இம்மாவட்டம் 1982இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது.

இத்தகைய பகுதியிலிருந்து பி.காம்., பி.பி.ஏ. படிக்க வரும் மாணவர் நிறுவன ஆளுகையை முதலில் பெயர்களின் பட்டியலாகவே சந்திக்கிறார். காட்பரி குழு, பிர்லா குழு, நாராயணமூர்த்தி குழு என ஆண்டுகளோடு மனப்பாடம் செய்யவேண்டிய வரிசை அது. முதுகலை மேலாண்மை மாணவர்களில் பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள். இளங்கலை மாணவருக்குப் பெரும்பாலும் அந்த அனுபவம் இருப்பதில்லை. இயக்குநர் குழு கூடும் அறையை அவர் பார்த்திருக்க மாட்டார். சுயேச்சை இயக்குநர், தணிக்கைக் குழு, தொடர்புடையோர் பரிவர்த்தனை என்பவை அவருக்கு வெறும் சொற்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பட்டம் பெறுவோரில் இயக்குநர் நாற்காலியில் அமரப் போகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் கணக்கர்களாக, வங்கி ஊழியர்களாக, சிறுவணிகர்களாக, வைப்புத்தொகை போடுபவர்களாக வாழப் போகிறவர்கள். ஒரு நிறுவனம் கவிழும்போது முதலில் அடிபடுபவர்களும் இவர்களே. ஆகவே இப்பாடம் அவர்களுக்குத் தற்காப்புக் கல்வியும் ஆகிறது.

உத்திரமேரூர்: கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளை அவை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்கள் இவ்வாறு அமைந்தன. உறுப்பினரின் பதவிக்காலம் 360 நாள்.

வணிகவியல் மாணவர் கவனிக்க வேண்டியவை இதிலுள்ள தகுதியின்மை விதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியவர் அல்லர். அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மருமகன், மாமனார், மைத்துனர் உள்ளிட்ட நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டனர். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் வாய்ப்பில்லை.

2013ஆம் ஆண்டின் இந்திய நிறுவனங்கள் சட்டத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். சுயேச்சை இயக்குநர் ஒருவர் தொடர்ச்சியாக இரண்டு தவணைகளுக்கு மேல் பதவி வகிக்க முடியாது. ஒரு தவணை அதிகபட்சம் 5 ஆண்டுகள். அதன்பின் மூன்று ஆண்டுகள் விலகியிருந்தால்தான் அதே நிறுவனத்தில் மீண்டும் அமரலாம். உறவினர் என்பவர் யார் என்பதையும் இச்சட்டம் வரையறுக்கிறது. நெடுங்காலம் ஒரே இடத்தில் இருப்பவரும் உறவினரும் கணக்கை மறைக்கத் துணைபோகக்கூடும் என்ற ஐயமே இரண்டு விதிகளுக்கும் அடிப்படை.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களின் சபை. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி ஆகியவை தகுதிகளாக இருந்தன. நிலமற்றவர்களும் பிற சாதியினரும் பெண்களும் அதில் இடம்பெறவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்த வட்டம் எவ்வளவு விரிகிறது என்பதே பிந்தைய வரலாற்றின் கதை.

நகரத்தார் முகவர் முறை

பெருநிறுவனங்களில் உடைமை ஓரிடத்திலும் நிர்வாகம் வேறிடத்திலும் இருப்பதை அமெரிக்க அறிஞர்கள் பெர்லியும் மீன்ஸும் 1932இல் விரிவாக ஆராய்ந்தனர். முதலாளிக்கும் முகவருக்கும் இடையிலான நலமுரணை ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் கோட்பாடாக்கினர். இச்சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு கண்டவர்களில் நகரத்தார் முக்கியமானவர்கள். அவர்களது ஊர்களில் இராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதி போன்றவை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளன.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். முதலாளி பெரும்பாலும் சொந்த ஊரில் இருந்தார். கடல் கடந்த கடையை மேலாள் எனப்படும் முகவர் நடத்தினார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருந்தனர். முகவர் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணையில் அனுப்பப்பட்டார். சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைத்தது. கடை நன்கு நடந்தால் இலாபத்தில் ஊக்கத்தொகையும் உண்டு. கணக்குகள் முதலாளிக்குத் தவறாமல் அனுப்பப்பட்டன. கடையின் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் அறிக்கைக்கு ஐந்தொகை என்று பெயர். தவணை முடிந்ததும் முகவர் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அடுத்து வருபவர் அந்த ஏடுகளைக் கையேற்பார்.

புதிதாக வருபவர் பழைய கணக்கைப் பார்ப்பார் என்பதே ஒரு தணிக்கை. இன்று நிறுவனத் தணிக்கையாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாற்ற வேண்டும் என்ற சட்டவிதிக்கும் இதே தர்க்கம்தான். முகவரின் குடும்பமும் முதலாளியின் குடும்பமும் ஒரே சமூகத்தில் வாழ்ந்தன. ஒருமுறை நம்பிக்கை கெட்டால் அடுத்த வேலை கிடைப்பது அரிது. எழுதப்படாத அந்தத் தண்டனை, ஏடுகளைப் போலவே முறையைத் தாங்கியது.

எனினும் இம்முறையில் கணக்கு முதலாளி ஒருவருக்கே உரியதாக இருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை, 1930களின் இறுதியில் 25 விழுக்காட்டை நெருங்கியது. நிலம் அவர்கள் விரும்பிய முதலீடு அன்று. பணமாக மாற்ற முடியாத சொத்து. உழவரின் மனக்கசப்பும் அதனுடன் சேர்ந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் வந்த நில தேசியமயமும் அந்தச் சொத்தை இல்லாமல் ஆக்கின. உள்கணக்கு சரியாக இருந்தும் வெளியே இருந்தவர்களின் நலன் கணக்கில் வராததன் விலை அது. பங்குதாரர் என்ற சொல்லுக்கு அப்பால், நிறுவனத்தால் பாதிக்கப்படும் அனைவரையும் குறிக்கும் நலனுரிமையாளர் என்ற கருத்தை விளக்க இதைவிட அருகில் உள்ள எடுத்துக்காட்டு குறைவு.

ஆர்பத்நாட் வீழ்ச்சி, 1906

சென்னையின் மூன்று பெரிய ஐரோப்பிய வணிக இல்லங்களாகப் பாரி, பின்னி, ஆர்பத்நாட் ஆகியவை விளங்கின. இவற்றில் ஆர்பத்நாட் நிறுவனம் வணிகத்துடன் பொதுமக்களிடம் வைப்புத்தொகையும் பெற்றுவந்தது. அரசு ஊழியர்கள், ஓய்வுபெற்றோர், வழக்கறிஞர்கள், விதவைகள் எனப் பலர் தம் சேமிப்பை அதில் போட்டிருந்தனர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று அது தன் கதவை மூடியது. அதற்கு இரு நாள் முன்பு, அதன் லண்டன் தொடர்பு இல்லத்தை நடத்திய மக்ஃபாடியன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். அவரது ஊக வணிக இழப்புகளே வீழ்ச்சிக்கு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டன. கூட்டாளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

ஆர்பத்நாட் ஒரு கூட்டாண்மை. பங்குதாரர் கூட்டம் இல்லை; வெளியிட்ட ஆண்டறிக்கை இல்லை; கேள்வி கேட்க இயக்குநர் குழு இல்லை. வைப்பாளர்கள் நம்பியது ஒரு பெயரை. ஆளுநர் மாளிகை வரை செல்வாக்குள்ள ஓர் இல்லம் கவிழாது என்ற எண்ணமே அவர்களுக்குப் பிணையாக இருந்தது.

வைப்பாளர்களுக்காக முன்னின்ற வழக்கறிஞர்களில் ஒருவர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். இந்தியர் முதலீட்டில், இந்தியர் நிர்வாகத்தில் ஒரு வங்கி வேண்டும் என்று அவர் பாடுபட்டார். நகரத்தார் முதலீடு அதற்குத் துணை நின்றது. 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதிவான இந்தியன் வங்கி, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. புதிய வங்கி கூட்டுப்பங்கு நிறுவனமாக, இயக்குநர் குழுவுடன் அமைந்தது. பெயரை நம்புவதிலிருந்து அமைப்பை நம்புவதற்கான நகர்வு இதில் தெரிகிறது.

சட்டம் வளர்ந்த வழி

1913ஆம் ஆண்டின் இந்திய நிறுவனங்கள் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கித் தணிக்கையாளர் தகுதியையும் வரையறுத்தது. இருந்தும் நடைமுறையில் அதிகாரம் மேலாண்மை முகமைகளிடம் இருந்தது. பங்கு மூலதனம் பலருடையது. நிர்வாகம் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு முகமை இல்லத்துடையது. பங்குதாரருக்கு இலாபப்பங்கு கிடைக்காத ஆண்டிலும் முகமை தன் கழிவைப் பெறக்கூடிய ஒப்பந்தங்கள் இருந்தன. பாபா குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைக் கட்டுப்படுத்தியது. 1970இல் அது முற்றிலும் ஒழிக்கப்பட்டது.

அடுத்த கட்டம் 1992இல் தொடங்கியது. அவ்வாண்டு பங்குச்சந்தை ஊழல் வெளிப்பட்டது. பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. இங்கிலாந்தில் காட்பரி குழு அறிக்கையும் அதே ஆண்டு வெளியானது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 1998இல் விருப்ப அடிப்படையிலான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. குமாரமங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான ஒப்பந்தத்தில் 49ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சுயேச்சை இயக்குநரும் தணிக்கைக் குழுவும் கட்டாயமாயின.

சத்யம்: விதிகள் இருந்தும்

இத்தனை விதிகளுக்குப் பிறகு வந்தது சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் வீழ்ச்சி. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் 2008இல் நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீக்காக் விருதைப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தினர் தொடர்புடைய இரு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க அதன் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. முதலீட்டாளர் எதிர்ப்பால் அத்திட்டம் சில மணிநேரங்களில் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் பல ஆண்டுகளாகத் திரிக்கப்பட்டவை என்று ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ. 5,040 கோடி உண்மையில் இல்லை.

அந்த இயக்குநர் குழுவில் புகழ்பெற்ற மேலாண்மைப் பேராசிரியர்களும் சுயேச்சை இயக்குநர்களாக இருந்தனர். நிறுவனத்தைத் தணிக்கை செய்தது உலகளாவிய பெயர் கொண்ட ஒரு தணிக்கை அமைப்பு. வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்யும் அடிப்படை நடைமுறை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று பின்னர் அமெரிக்க ஒழுங்காற்று அமைப்புகள் கண்டறிந்தன. 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

1906இல் விதியே இல்லை. 2009இல் விதி இருந்தது. விதிப்படி அமர்ந்தவர்களும் இருந்தனர். கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அனுபவத்தின் பின்னணியில் வந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சையானவர்களாக இருத்தல், தணிக்கையாளர் சுழற்சி, பெண் இயக்குநர் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது.

பாடமாக உருவானது

இந்தியாவின் முதல் வணிகவியல் பள்ளி 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையினரால் சென்னையில் தொடங்கப்பட்டது. பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரி 1913இல் உருவானது. தொடக்ககால வணிகக் கல்வியின் நோக்கம் கணக்கர்களையும் எழுத்தர்களையும் ஆயத்தப்படுத்துவது. கணக்கை எப்படி எழுதுவது என்பதே பாடம். எழுதிய கணக்கை யார் கேட்பது என்பது நிறுவனச் சட்டம், தணிக்கை ஆகிய தாள்களின் ஓரத்தில் நின்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டுவாக்கில் கொண்டுவந்த விருப்பத் தேர்வு அடிப்படையிலான வணிகவியல் பாடத்திட்டத்தில் தணிக்கையும் நிறுவன ஆளுகையும் ஒரே தாளாக இணைக்கப்பட்டன.

இங்கு கற்பித்தல் முறை முக்கியமாகிறது. ஒரு நிகழ்வை எடுத்து விவாதிக்கும் முறையை ஹார்வர்டு வணிகப் பள்ளி வளர்த்தது. 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் அதை இந்தியாவில் பரப்பியது. இளங்கலை வகுப்பில் அம்முறை பயன்படவேண்டுமானால், நிகழ்வு மாணவருக்குத் தெரிந்த உலகிலிருந்து தொடங்க வேண்டும்.

கரையிலிருந்து தொடங்கும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அத்தகைய நிகழ்வுகள் உண்டு. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் பெருந்திரளாக எழுத்தும் சைக்கிளும் கற்றது பரவலாக அறியப்பட்டது. அதே காலத்தில், கல்குவாரிகளில் கூலிகளாக இருந்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு அளிக்கப்பட்டன. ஒப்பந்தக்காரர்கள் அதை எதிர்த்தனர். நேற்றுவரை கூலியை மட்டும் எண்ணி வாங்கியவர்கள், உடைத்த கல்லுக்கும் விற்ற லோடுக்கும் தாங்களே கணக்கு வைக்கும் நிலைக்கு வந்தனர். உடைமையும் உழைப்பும் ஒரே கையில் சேரும்போது எழுத்தறிவு ஆளுகைக் கருவியாகிறது என்பதற்கு இது மாவட்டத்திலேயே உள்ள சான்று.

கிராம சபை மற்றொன்று. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் வரவு செலவு கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் இப்போது கிராம சபை நாட்கள். பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் தன்மையை இதைக் கொண்டு விளக்கலாம். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், கணக்கு முழுதாக வாசிக்கப்படுகிறதா, கேள்வி கேட்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பவற்றை மாணவர் தம் ஊரிலேயே கவனிக்க முடியும்.

கடற்கரை மாணவருக்கு மூன்றாவது எடுத்துக்காட்டு படகு. தமிழகக் கடற்கரையில் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் முதலிய செலவைக் கழித்து, மீதியைப் படகு உரிமையாளரும் உடன் சென்ற தொழிலாளர்களும் பங்கு பிரிக்கும் வழக்கம் உண்டு. பங்கு விகிதத்தில் பெரும்பாலும் குழப்பம் இராது. கழிக்கும் செலவை யார் எழுதுகிறார், அதை மற்றவர் பார்க்க முடியுமா என்பதில்தான் சிக்கல் பிறக்கும். டீசல் வாங்கிய கடை உரிமையாளரின் மைத்துனருடையது என்றால் அது தொடர்புடையோர் பரிவர்த்தனை. உடன் சென்றவர்களில் ஒருவர் ரசீதுகளைப் பார்க்கும் உரிமை பெற்றால் அது தணிக்கைக் குழுவின் வித்து. மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க முயன்ற சத்யத்தின் கணக்கும் இந்தப் படகின் கணக்கும் அளவில் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் எழுகிற கேள்வி ஒன்றே.

உத்திரமேரூரில் கணக்கு சபைக்குக் காட்டப்பட்டது. நகரத்தார் கடையில் அது முதலாளிக்குச் சென்றது. ஆர்பத்நாட்டில் வைப்பாளர் எவரும் அதைப் பார்க்கவில்லை. சத்யத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்ட கணக்கே பொய்யாக இருந்தது. இவ்வரிசையைப் படித்த மாணவர் குழுக்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் தேர்வுக்குப் பின் மறந்தாலும், தம் சேமிப்பையோ உழைப்பையோ ஓரிடத்தில் ஒப்படைக்கும் முன் கேட்கவேண்டியதை அறிந்திருப்பார்: கணக்கை எழுதுபவர் யார், சரிபார்ப்பவர் யார், அந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு?